ஹூஸ்டன் போட்ட கொக்கி

திருவிழா நேரத்தில் கரண்ட் கம்பத்தில் கொக்கி போடுவதைப் பார்க்காமல் நம்மூரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. சொந்தமா லைன் இழுத்தா செலவு. ஏற்கெனவே போகிற லைனில் ஒரு கம்பியை மாட்டிவிட்டால் பல்பு எரியும். 1856இல் ஹூஸ்டன் நகரம் பக்கத்து ஊர் ரயில் பாதையில் கிட்டத்தட்ட இதே வேலையைப் பார்த்தது. ஆனா திருட்டுக் கொக்கி இல்லீங்க. சட்டசபையில் அனுமதி வாங்கி, ஊர் மக்களிடம் ஓட்டு வாங்கி, வரி போட்டு, கௌரவமாகப் போட்ட கொக்கி :-)

அந்தப் பாதைக்கு 'ஹூஸ்டன் டேப்' என்று பேர். பின்னால் கொலம்பியா என்கிற ஊர் வரைக்கும் நீட்டியதால் 'கொலம்பியா டேப்' ஆனது. நகரத்துக்குள் இருக்கும் பகுதியில் இப்போது ரயில் கிடையாது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பாதை போட்டு 2009இல் திறந்தார்கள். டவுன்டவுனுக்குக் கிழக்கே டைனமோ கால்பந்து மைதானம் பக்கம் தொடங்கி, தேர்ட் வார்டு நடுவே புகுந்து, பிரேஸ் பேயூவைத் தாண்டி, 288 ஹைவே அருகே டிக்ஸி டிரைவில் முடிகிறது. ஒரு வழி சுமார் 4 மைல். (பேயூ என்றால் இந்தப் பக்கத்து சமவெளியில் சோம்பலாக ஓடுகிற ஆறு. நம்ம ஊர் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஏதோ ஒண்ணு.)

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நானும் வகுப்பு நண்பன் ஒருவனும் (பரமக்குடிக்காரன்) இந்தப் பாதையை முழுசாக நடந்து முடித்தோம். வழியில் பார்த்ததும், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் படித்ததும் சேர்ந்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

இரண்டு ஊர், ஒரு ரயில்

1850 வாக்கில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஹாரிஸ்பர்க் என்று இன்னொரு ஊர் இருந்தது. பஃபலோ பேயூவில் சில மைல் கீழே, அதாவது கடலுக்குக் கொஞ்சம் கிட்ட. இரண்டு ஊருக்கும் தொழில் ஒன்றுதான். உள்நாட்டிலிருந்து பருத்தி, சர்க்கரை எல்லாம் மாட்டு வண்டியில் வரும், அதை வாங்கிப் படகில் ஏற்றி கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். மழை பெய்தால் இந்தப் பக்கத்துக் களிமண்ணில் வண்டி நகராது. ஆக, யார் முதலில் ரயில் போடுகிறாரோ அவருக்குத்தான் வியாபாரம்.

ஹாரிஸ்பர்க் முந்திக்கொண்டது. 1853இல் ஹாரிஸ்பர்க்கிலிருந்து ஸ்டாஃபோர்ட்ஸ் பாயின்ட் வரை 20 மைல் பாதை திறந்தார்கள். டெக்ஸஸ் மாநிலத்திலேயே முதல் ரயில் அதுதான். ஸ்டாஃபோர்ட்ஸ் பாயின்ட் என்றால் இன்றைய ஸ்டாஃபோர்ட். சுவாமிநாராயணன் கோயில் இருக்கிறதே, அந்த ஊர். பாதை ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒதுங்கிப் போனது. பிரசோஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பருத்தி எல்லாம் ஹூஸ்டனை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே ஹாரிஸ்பர்க் படகுத்துறைக்குப் போக ஆரம்பித்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஹூஸ்டன் நகராட்சி முத்திரையில் ஒரு ரயில் எஞ்சின் படம் இருக்கும். அந்த முத்திரை 1840லேயே வந்துவிட்டது. அப்போது டெக்ஸஸில் ஒரு அடி தண்டவாளம்கூடக் கிடையாது. எஞ்சினை முத்திரையில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்த ஊருக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரன் நிஜ எஞ்சினையே கொண்டுவந்து ஓட்டினால் எப்படி இருக்கும்?

அதனால்தான் கொக்கி. ஹூஸ்டனிலிருந்து தெற்கே ஏழு மைல் போல ஒரு பாதை போட்டு, பியர்ஸ் ஜங்ஷன் என்ற இடத்தில் ஹாரிஸ்பர்க் லைனோடு இணைத்தார்கள். 1856 முடிவதற்குள் ரயில் ஓடிவிட்டது. அதே 1856 ஜூலை 1ஆம் தேதிதான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. நம்ம ராயபுரமும் ஹூஸ்டன் டேப்பும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். மேற்கிலிருந்து வருகிற சரக்கு பியர்ஸ் ஜங்ஷனில் வடக்கே திரும்பி ஹூஸ்டனுக்கு வர ஆரம்பித்தது. அடுத்தடுத்து வந்த ரயில் கம்பெனிகளும் ஹூஸ்டனையே மையமாக வைத்துக்கொண்டன. ஹாரிஸ்பர்க் தேய்ந்துபோய், 1926இல் ஹூஸ்டனுக்குள்ளேயே கரைந்துவிட்டது. இன்றைக்கு அந்தப் பேரில் ஒரு பெரிய தெரு இருக்கிறது.

சர்க்கரை ரோடு

கதை இதோடு முடிந்திருந்தால் ரெண்டு ஊர்ச் சண்டை, சுவாரசியமான சமாச்சாரம் என்று போய்விடலாம். ஆனால் 1858இல் அந்த ஏழு மைலை ஒரு கம்பெனி வாங்கியது. பிரசோரியா கவுன்ட்டித் தோட்ட முதலாளிகளின் பணம் அதில் இருந்தது. பியர்ஸ் ஜங்ஷனிலிருந்து இன்னும் தெற்கே பாதையை நீட்டி, 1860 வாக்கில் கொலம்பியாவை எட்டினார்கள். மொத்தம் 50 மைல். கரும்புத் தோட்டங்களுக்காகவே போட்ட பாதை என்பதால் 'சுகர் ரோடு' என்று பட்டப்பேர்.

மண் வெட்டி, கரை போட்டு, கட்டை அடுக்கி அந்தப் பாதையைப் போட்டவர்கள் யார்? தோட்டங்களில் இருந்த கறுப்பின அடிமைகள். முதலாளிகள் தங்கள் அடிமைகளைத் தோட்ட வேலை இல்லாத நாட்களில் ரயில் வேலைக்கு அனுப்பினார்கள். அந்த உழைப்பின் பலனாக வந்தது கம்பெனிப் பங்கு, அதுவும் முதலாளி பேரில். 1860 கணக்கெடுப்பின்படி பிரசோரியா கவுன்ட்டியில் இருந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அடிமைகள்.

இங்கதான் நான் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியா வெளியே பார்த்தேன். நான் தங்கியிருப்பது பேர்லேண்டில், சித்தப்பா வீட்டில். பேர்லேண்டின் பெரும்பகுதி பிரசோரியா கவுன்ட்டி. நம்ம மீனாட்சி அம்மன் கோயில் இருப்பதும் அந்தக் கவுன்ட்டியில்தான். இந்த ஊரைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் பேரிக்காய்க் கதையைச் சொல்வார்கள். (இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துட்டு ஊர்ல பெரியப்பா ரொம்ப நாளா 'முத்து ஊரு'ன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தார்.) 1890களில் நிலம் விற்க வந்தவர்கள் பேரிக்காய்த் தோப்பு என்று ஆசை காட்டி ஆள் சேர்த்தார்கள். 1900இல் கால்வெஸ்டனை அழித்த புயல் அந்தத் தோப்புகளையும் சாய்த்தது. பேர் மட்டும் மிச்சம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு முப்பது நாப்பது வருஷம் முன்னாடி வரைக்கும் இந்தக் கவுன்ட்டி எதை வைத்துச் சம்பாதித்தது என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு தேதியும் மனசில் நிற்கிறது. 1860 நவம்பர் 16. மெட்ராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்த நாள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 342 பேர், தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நிறைய. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது, நம்மவர்களை ஏற்றினார்கள். ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றல்ல. ஒப்பந்தம் ஒருநாள் முடியும், பிள்ளை குட்டியைச் சந்தையில் விற்க மாட்டார்கள். ஆனாலும் ஒரே காலகட்டத்தில், ஒரே சர்க்கரைக்காக, உலகத்தின் ரெண்டு மூலையில் இது நடந்திருக்கிறது. சித்தி வீட்டு டீயில் ரெண்டு ஸ்பூன் போடும்போது இது ஞாபகம் வருது, என்ன பண்ண?

நடக்க ஆரம்பித்தோம்

காரை யுனிவர்சிட்டி பக்கம் விட்டுவிட்டு மெட்ரோ ரயிலில் பர்ப்பிள் லைன் ஏறி ஈடோ ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கினோம். முதல் கொஞ்ச தூரம் பழைய கிடங்குகள், புதுசா முளைத்த பீர் கடைகள், அடுக்குமாடிகள். பாதை சீராக இருக்கிறது. ரயில் போட்ட தடம் என்பதால் ஏற்ற இறக்கம் கிடையாது, வளைவும் ரொம்பக் குறைவு. நிழல் சுத்தமாக இல்லை என்றே சொல்லலாம். ஜனவரியில் போனதால் பிழைத்தோம். ஆகஸ்டில் இதே நடை என்றால் வத்தலாகத்தான் வந்திருப்போம்.

45ஆம் நம்பர் ஹைவேக்கு அடியில் புகுந்து வெளியே வந்தால் தேர்ட் வார்டு. ஹூஸ்டனை 1840இல் வார்டுகளாகப் பிரித்தபோது வந்த பேர். வார்டு முறை போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பேர் மட்டும் போகவில்லை.

1865 ஜூன் 19இல் யூனியன் தளபதி கோர்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டனில் உத்தரவு வாசித்த பிறகுதான் டெக்ஸஸில் இரண்டரை லட்சம் அடிமைகளுக்கு விடுதலை என்பது நடைமுறைக்கு வந்தது. லிங்கன் கையெழுத்துப் போட்டு ரெண்டரை வருஷம் கழித்து! (அந்த நாளைத்தான் ஜூன்டீன்த் என்று கொண்டாடுகிறார்கள். 2021லிருந்து நாடு முழுக்க அரசு விடுமுறை.) தோட்டங்களிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் ஹூஸ்டனுக்கு வந்தன. ஃபோர்த் வார்டிலும் தேர்ட் வார்டிலும் குடியேறினார்கள்.

வந்து ஏழே வருஷத்தில், 1872இல், ஜாக் யேட்ஸ் என்ற பாதிரியாரும் கூட்டாளிகளும் சமூகத்தில் பணம் திரட்டி 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். எதற்கு? விடுதலை நாளைக் கொண்டாட ஓர் இடம் வேண்டும் என்று. அதுதான் எமான்சிபேஷன் பார்க். பாதையிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் விலகி நடந்தால் பார்க்கலாம், நாங்கள் போனோம். நேற்றுவரை சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தவர்கள், வீட்டுக்கு முன்னால் திருவிழாத் திடலை வாங்கியிருக்கிறார்கள். பின்னாளில் 1922 முதல் 1940 வரை கறுப்பினத்தவர் போகக்கூடிய ஒரே நகராட்சிப் பூங்காவாக ஹூஸ்டனில் இருந்தது இதுதான். பார்க்கை ஒட்டிய தெருவுக்கு அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் படைத்தலைவர் ஒருவர் பேர் ரொம்ப காலம் இருந்தது. 2017இல் அதை எமான்சிபேஷன் அவென்யூ என்று மாற்றினார்கள்.

அங்கேயிருந்து ஹோல்மன் தெருவில் 'ப்ராஜெக்ட் ரோ ஹவுசஸ்'. 1993இல் ரிக் லோவும் இன்னும் ஆறு கறுப்பின ஓவியர்களும் சேர்ந்து, இடிக்கக் கிடந்த 22 குட்டி வீடுகளைக் காப்பாற்றி, சிலவற்றைக் கலைக்கூடமாகவும் சிலவற்றைத் தனியாகப் பிள்ளை வளர்க்கும் இளம் அம்மாக்கள் தங்கிப் படிக்கவும் கொடுத்தார்கள். வீடுகளின் அமைப்பு நமக்குப் புதுசில்லை. குறுகலாக, நடை இல்லாமல், ரூமுக்குப் பின்னால் ரூம், ரயில் பெட்டி மாதிரி. முன் கதவையும் பின் கதவையும் திறந்து வைத்தால் காத்து பிச்சுக்கிட்டுப் போகும். பரமக்குடிக்காரன், "எங்க அம்மாச்சி வீடு இதேதான்டா, நெறிபட்டா பக்கத்து வீட்டுத் திண்ணை" என்றான்.

பட்டா மாறாத வீடுகள்

திரும்பப் பாதைக்கு வந்து தெற்கே நடந்தால் ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு மனையில் மரப்பலகை வீடு, முன்னால் ஆடுநாற்காலி. அதை ஒட்டி அடுத்த மனையில் மூணு மாடி டவுன்ஹவுஸ், கேட், கேமரா. டவுன்டவுன் ரெண்டு மைல், மெடிக்கல் சென்டர் மூணு மைல் என்றால் நிலத்துக்கு விலை ஏறத்தானே செய்யும்.

டெக்ஸஸில் மாநில வருமான வரி கிடையாது, அதற்குப் பதில் சொத்து வரியில் தாளித்துவிடுவார்கள். பேர்லேண்டில் வீடு வைத்திருக்கும் எந்தத் தமிழரிடமும் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார். பக்கத்து மனையில் டவுன்ஹவுஸ் வந்தால் இந்தப் பழைய வீட்டின் மதிப்பும் காகிதத்தில் ஏறும், வரியும் ஏறும். சொந்தக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால் வரி மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று சலுகை உண்டு. முதியவர்களுக்கு இன்னும் சலுகை உண்டு. ஆனால் அதை வாங்க வீட்டில் உங்களுக்கு உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும். தாத்தா பேரில் பத்திரம், உயில் எழுதவில்லை, பிள்ளைகள் நாலு ஊரில், பேரன் குடியிருக்கிறான். நம்ம பாஷையில் சொன்னா பட்டா மாறல. இப்படி ஏகப்பட்ட வீடுகள் இங்கே உண்டு. இவர்களிடம்தான் ரியல் எஸ்டேட்காரர்கள் ரொக்கத்தோடு வந்து நிற்கிறார்கள். நடைபாதையும் பூங்காவும் வந்ததும் அந்த விலையேற்றத்தில் சேர்த்திதான். பாதை நல்லது, அந்தப் பாதையைக் குப்பைமேடாகப் பார்த்தவர்களே அதில் நடக்க மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

ஒரே வருஷம், ரெண்டு காலேஜ்

பாதையில் பாதிக்கு மேல் வந்தால் டெக்ஸஸ் சதர்ன் யுனிவர்சிட்டி. பாதை அதன் வளாகத்துக்குள்ளேயே போகிறது. கிழக்கே கொஞ்சம் தள்ளி நான் படிக்கும் யுனிவர்சிட்டி ஆஃப் ஹூஸ்டன். இரண்டும் இவ்வளவு பக்கத்தில் எதற்கு என்று சேர்ந்த புதுசில் பலர் கேட்பார்கள். இரண்டுக்கும் விதை போட்டது ஹூஸ்டன் பள்ளி நிர்வாகம், 1927இல். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒன்று, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்று. நான் படிக்கும் இடம் கறுப்பின மாணவரைச் சேர்க்க 1962 ஆனது.

1946இல் ஹீமன் ஸ்வெட் என்ற ஹூஸ்டன் தபால்காரர் ஆஸ்டினில் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதால் மறுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். அவரைச் சேர்க்காமல் இருப்பதற்காகவே மாநில அரசு 1947இல் 'உங்களுக்குத் தனியா ஒண்ணு' என்று உருவாக்கிய பல்கலைக்கழகம்தான் பின்னாளில் டெக்ஸஸ் சதர்ன் ஆனது. 1950இல் உச்ச நீதிமன்றம் ஸ்வெட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அவருக்காக வாதாடிய தர்குட் மார்ஷல் பிறகு அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆனார். டெக்ஸஸ் சதர்னின் சட்டக் கல்லூரிக்கு இன்று அவர் பேர்தான். தடுப்பதற்குக் கட்டிய கட்டடத்தில் தடுப்பை உடைத்தவர் பேர்.

இங்கேயிருந்து இன்னொரு நடையும் கிளம்பியது. 1960 மார்ச் 4ஆம் தேதி இந்த வளாகத்திலிருந்து மாணவர்கள் ஒரு சிறு குழுவாக வரிசையில் ஒரு மைல் நடந்து, அல்மேடா ரோட்டில் இருந்த வைன்கார்டன் சூப்பர் மார்க்கெட்டின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே வெள்ளையருக்கு மட்டும்தான் பரிமாறுவார்கள். மாணவர்கள் உட்கார்ந்ததும் மேசையையே மூடிவிட்டார்கள். இவர்கள் எழவில்லை. அடுத்தடுத்த நாட்களில் கடை கடையாகப் போய் உட்கார்ந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் மாதம் ஹூஸ்டனின் டவுன்டவுன் கடைகள் சத்தமில்லாமல் எல்லாருக்கும் பரிமாற ஆரம்பித்தன. சத்தமில்லாமல் என்றால் உண்மையாகவே. கலவரம் வரக்கூடாது என்று பத்திரிகைகளும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு செய்தியே போடவில்லை. நம்மூர் டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அந்தப் பக்கம் போகாத"

இப்போ சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

இங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சீனியர்கள் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். எந்தக் கடையில் பொன்னி அரிசி, எந்த பேங்க், எந்த ஃபோன் பிளான். கூடவே, எந்தத் தெருவைத் தாண்டக் கூடாது. "தேர்ட் வார்டு பக்கம் மட்டும் போயிடாத." யுனிவர்சிட்டி இருப்பதே தேர்ட் வார்டில்தான் என்பதை யாரும் கவனிப்பதில்லை. நான் இந்த நடைக்குக் கிளம்பியபோது சித்தியும் சொன்னார்: "தம்பி, அங்கயெல்லாம் எறங்கி நடக்காதப்பா. பாக்கணும்னா கார்லயே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரு."

பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல வரவில்லை. இரவில் இந்தப் பாதையில் வெளிச்சம் போதாத இடங்கள் உண்டு. திருட்டும் வழிப்பறியும் நடக்கிற நகரம்தான் இது. அதில் அதிகம் பாதிக்கப்படுவது அங்கேயே குடியிருக்கிறவர்கள். சித்தி சொன்னதில் அக்கறைதான் இருந்தது.

ஆனால் 'அந்தப் பக்கம்' என்கிற வார்த்தை எனக்குப் பழக்கமான வார்த்தை. என் ஊர் தேனி பக்கம். மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் எங்க ஊர் வழியாகத்தான் போகும். 2010 கடைசியில் அதை நிறுத்தினார்கள், அகலப் பாதை போடுவதற்காக. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகு அந்த மேட்டில் பக்கத்து ஊர் வரைக்கும் சைக்கிள் விடுவோம், ஆடு மேயும். போடிக்கு மறுபடி ரயில் வர 2023 ஜூன் ஆனது. ரயில் இருந்தபோதும் சரி, பிடுங்கின பிறகும் சரி, அந்த மேட்டுக்கு ஒரு வேலை மாறவே இல்லை. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. "லைனத் தாண்டி அந்தப் பக்கம் போகாதடா" என்று அப்பத்தா சொன்னதற்கும் திருட்டு பயத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து, ஊர் பேர் தெரியாத ஒரு தெருவைப் பார்த்ததும் ஒரே நிமிஷத்தில் 'இது அந்தப் பக்கம்' என்று நம்மால் எப்படிச் சொல்ல முடிகிறது? யார் சொல்லிக் கொடுத்தது? அமெரிக்காவா, அப்பத்தாவா? ரெண்டு பேரும் என்றுதான் எனக்குத் தோணுது. நாம் இங்கே படிக்க வரும் வாசலைத் திறந்ததிலும் இந்தத் தெருக்காரர்களுக்குப் பங்கு உண்டு. 1964 சிவில் உரிமைச் சட்டம், அதை ஒட்டி நாடு பார்த்துக் குடியேற்றம் என்கிற பழைய முறையை மாற்றிய 1965 சட்டம், இரண்டுக்கும் பின்னால் இருந்த உந்துதல் ஒன்றுதான். வைன்கார்டன் மேசையில் போய் உட்கார்ந்தவர்கள் நமக்கும் சேர்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடந்த அன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. எதிரில் வந்த எல்லாரும் "குட் மார்னிங்" சொன்னார்கள். பேர்லேண்டில் எங்கள் தெருவில் நடந்தால் கார் கண்ணாடிதான் பார்க்கக் கிடைக்கும்.

தேர்ட் வார்டிலிருந்து பேர்லேண்டுக்கு

டெக்ஸஸ் சதர்ன் வளாகத்தை ஒட்டி கியூனி ஹோம்ஸ் என்று செங்கல் குடியிருப்பு. ஹூஸ்டனின் முதல் அரசுக் குடியிருப்பு, 1940 வாக்கில் கட்டியது. ஊர்க்காரர்கள் சும்மா 'பிரிக்ஸ்' என்பார்கள். ஜார்ஜ் ஃபிளாய்ட் வளர்ந்தது இங்கேதான். படித்தது ஜாக் யேட்ஸ் உயர்நிலைப் பள்ளி. ஆமாம், பூங்கா வாங்கினாரே, அதே பாதிரியார் பேர். 2020 மே 25இல் மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்த, அவர் செத்துப்போனதை உலகமே பார்த்தது.

அவரை அடக்கம் செய்தது எங்கே தெரியுமா? பேர்லேண்டில். 2020 ஜூன் 9. ஹூஸ்டன் மெமோரியல் கார்டன்ஸ் கல்லறைத் தோட்டத்தில், அவர் அம்மாவுக்குப் பக்கத்தில். கடைசி மைல் வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் கொண்டுவந்தார்கள். வெயிலில் ரோட்டின் ரெண்டு பக்கமும் ஜனம். சித்தப்பா வீட்டிலிருந்து காரில் போனால் சீக்கிரமே போய்விடலாம். நான் போனபோது கல்லறையில் ஒரு ஆளும் இல்லை, புல் வெட்டும் மெஷின் சத்தம் மட்டும்.

சுகர் ரோடு இந்தக் கவுன்ட்டியின் சர்க்கரையை வடக்கே கொண்டுபோனது. விடுதலை ஆன ஜனமும் வடக்கே போய் தேர்ட் வார்டை உண்டாக்கியது. அந்த வார்டின் பிள்ளை ஒருவர் தெற்கே திரும்பி வந்து இந்த மண்ணில் படுத்திருக்கிறார். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் 50 மைலுக்குள்.

பாதை முடிகிற இடம்

மெக்ரெகர் பக்கம் வந்ததும் பெரிய ஓக் மரங்கள், பெரிய வீடுகள். பிறகு பிரேஸ் பேயூ. 2017 ஹார்வி புயலில் பொங்கி ஊரை முக்கியது இந்த பேயூதான். அன்றைக்கு ஒரு கொக்கு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டிக்ஸி டிரைவ், பாதை அவ்வளவுதான். பழைய ரயில் இன்னும் தெற்கே பியர்ஸ் ஜங்ஷன், அர்கோலா, ரோஷாரன் என்று போய்க் கொலம்பியாவில் முடிந்திருக்கிறது. ரோஷாரன் பக்கம் பழைய தோட்ட நிலங்கள் பின்னாளில் மாநிலச் சிறைப் பண்ணைகளாயின. அதில் ஒன்று டாரிங்டன். பழைய தோட்டத்தின் பேரையே சிறைக்கும் வைத்திருந்தார்கள். 2021இல்தான் மாற்றினார்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலையில் போங்கள், நவம்பர் முதல் மார்ச்சுக்குள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் குழாயை நம்ப வேண்டாம். தெருக்களைக் குறுக்கே கடக்கும் இடங்கள் நிறைய, எல்லாவற்றிலும் சிக்னல் கிடையாது. பார்க்குக்கும் ரோ ஹவுசஸுக்கும் விலகிப்போக ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். முடித்ததும் வந்த வழியே திரும்பப் பிடிக்கவில்லை என்றால், பேயூக் கரைப் பாதையில் கிழக்கே மெக்ரெகர் பார்க் வரை நடந்து பர்ப்பிள் லைன் பிடிக்கலாம். கால் வலிக்கும், சொல்லிட்டேன்.

அடுத்து வெஸ்ட் கொலம்பியா போவதாகத் திட்டம். வார்னர் ஹாக் தோட்டத்தில் அடிமைகள் கட்டிய சர்க்கரை ஆலையின் மிச்சம் இருக்கிறதாம், அரசு நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். பரமக்குடிக்காரன் வர்றேன்னு சொல்லியிருக்கான். சித்தியும் "எத்தன மணிக்குக் கெளம்புறீங்க?" என்று கேட்டிருக்கிறார். நடக்கிறது கொஞ்சம்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன் :-)

உங்க ஊர்ல லைனுக்கு எந்தப் பக்கம் என்ன இருந்துச்சு? நினைவிருக்கிறவங்க எழுதுங்க.